மீசை இல்லாமல் ஒரு படம்

தம்பி,

போர் தின்ற மண்ணில் ஒரு டார்க் காமெடி எடுக்கப் போகிறேன் என்று சொன்னீர்கள். போஸ்னியா, பாலஸ்தீனம், ஆப்கானிஸ்தான் என்று பட்டியலும் கையில் வைத்திருக்கிறீர்கள். விசாச் செலவு மிச்சம். மேட்டூருக்கு ஒரு டிக்கெட் எடுங்கள். கொளத்தூரைத் தாண்டி, பாலாறு செக்போஸ்ட்டையும் தாண்டி மலைப்பாதையில் ஏறினால் மாதேஸ்வரன் மலை. சேலத்துக்காரரும் தருமபுரிக்காரரும் ஈரோட்டுக்காரரும் அமாவாசை தவறாமல் கும்பிடப் போகிற மலை. உங்கள் சினிமாவுக்கு மட்டும் அது முப்பது வருடமாக ஒரு மீசைக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலை.

‘போர் நடந்த நாடு வேண்டும் என்றால், இவர் கோயில் பஸ் ஏறச் சொல்கிறாரே’ என்று முகம் சுளிக்காதீர்கள். வீரப்பன் என்ற ஒரு கடத்தல்காரனைப் பிடிக்க இரண்டு மாநிலங்கள் கூட்டாக அதிரடிப்படை திரட்டின. எல்லைப் பாதுகாப்புப் படையையும் எல்லையே இல்லாத அந்தக் காட்டுக்குள் இறக்கினார்கள். கண்ணிவெடி வெடித்தது, ஊர்கள் காலியாயின, ஆண்கள் காணாமல் போனார்கள். ஆனாலும் அது போர் இல்லையாம். போர் என்று ஒப்புக்கொண்டால் ஜெனீவா ஒப்பந்தம் என்று ஒரு தொல்லை வந்து நிற்கும். பிடிபட்டவனை இப்படித்தான் நடத்தவேண்டும் என்று எவனாவது தாளை நீட்டுவான். ‘தேடுதல் வேட்டை’ என்று எழுதிக்கொண்டால் எந்தத் தாளும் குறுக்கே வராது. அந்த வேட்டையைப் படமாக எடுத்து விற்கும்போது மட்டும் பெயர் மாறிவிடும். 2013இல் வந்த படத்தின் பெயரே ‘வனயுத்தம்’. அரசாங்க ஏட்டில் வேட்டை, போஸ்டரில் யுத்தம். உங்கள் காமெடிக்கு முதல் ஷாட் இதுதான்.

திரைக்கதை

கதை விவாதம் என்று சாலிகிராமத்தில் ரூம் போட்டு உட்காராதீர்கள். கதையை ஏற்கெனவே அரசாங்கமே எழுதிவைத்திருக்கிறது. உங்களைவிட நன்றாகவே எழுதியிருக்கிறது.

1973இல் ‘கந்தத குடி’ என்று ஒரு கன்னடப் படம். காட்டையும் விலங்குகளையும் காப்பாற்றுகிற வன அதிகாரியாக ராஜ்குமார் நடித்தார். கர்நாடகமே எழுந்து நின்று கைதட்டியது. இருபத்தேழு வருடம் கழித்து 2000 ஜூலையில், வீரப்பனை மனதில் வைத்து ராம்கோபால் வர்மா எடுத்த ‘ஜங்கிள்’ இந்தியில் வெளியாகிறது. காட்டுக்குள் ஆட்களைக் கடத்திப் பிணை வைக்கும் கொள்ளையன் கதை. அதே மாதம் 30ஆம் தேதி இரவு, தாளவாடிப் பக்கம் தொட்டகாஜனூரில், சொந்த வீட்டிலிருந்த அந்த வன அதிகாரியை நிஜக் கடத்தல்காரன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான். இதை நீங்கள் எழுதியிருந்தால் தயாரிப்பாளர், ‘லாஜிக் இடிக்குது தம்பி’ என்று திருப்பிக் கொடுத்திருப்பார்.

மேலே கேளுங்கள். கடத்தியவன் கோரிக்கைப் பட்டியல் அனுப்புகிறான். அதில் ஒன்று, பெங்களூரில் வருடக்கணக்காக மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலையைத் திறக்கவேண்டும். யானைகளைச் சுட்டுத் தந்தம் விற்றவனுக்கு, கொல்லாமைக்குத் தனி அதிகாரமே வைத்தவர்மீது பாசம்! அவன் சொல்லியும் சிலை திறக்கவில்லை, 2009இல்தான் திறந்தார்கள். வள்ளுவர் பொறுமைக்கும் ஓர் அதிகாரம் எழுதியிருக்கிறார். அது கை கொடுத்திருக்கும்.

பட்டியலில் இன்னொன்று, மைசூர்ச் சிறையில் இருக்கும் தடா கைதிகளை விடுவிக்கவேண்டும். இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், தம்பி. பாப்கார்னையும் கீழே வையுங்கள்.

தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் 1995 மே மாதமே காலாவதியாகிவிட்டது. சட்டம் செத்து ஐந்து வருடம் ஆகியும், அந்தச் சட்டத்தில் பிடித்த மனிதர்கள் பலர் உள்ளேயே இருந்தார்கள். விறகு பொறுக்கியவர்கள், ஆடு மேய்த்தவர்கள், கூலிக்குக் கல் உடைத்தவர்கள், பெண்கள். ஏழு வருடமாக அவர்கள் பக்கம் திரும்பாத அரசாங்கம், ஒரு நடிகர் காட்டுக்குள் போனதும் சில நாளிலேயே வழக்கைத் திரும்பப் பெறத் தயாராகிவிட்டது. அப்போது வீரப்பனால் கொல்லப்பட்ட சப்-இன்ஸ்பெக்டர் ஷகீல் அகமதுவின் தந்தை அப்துல் கரீம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். கொள்ளைக்காரனிடம் அரசாங்கம் மண்டியிடுவதா என்று கேட்டார். மகனைப் பறிகொடுத்தவர் கேட்ட கேள்வி. அதில் பிசகு ஒன்றும் இல்லை. நீதிமன்றமும் விடுதலைக்குத் தடை போட்டது. மறு வருடம், 2001 செப்டம்பரில், மைசூர் தடா நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 14 பேர் குற்றவாளிகள். மற்ற அத்தனை பேரும் விடுதலை.

புரிகிறதா? குற்றம் நிரூபிக்கப்படாத மனிதர்களை வெளியே விடுவதா என்று இந்த நாடு யோசிக்கவே ஒரு சூப்பர்ஸ்டாரைக் கடத்தவேண்டியிருந்தது. கடத்தியும் விடவில்லை. ஆடு மேய்த்தவன் உள்ளே இருப்பது கொள்கைப் பிரச்சினை, நடிகர் உள்ளே இருப்பது தேசிய நெருக்கடி. 108ஆம் நாள் ராஜ்குமார் வெளியே வந்தார். பணம் கைமாறியது என்று, அப்போது கர்நாடகப் போலீசின் தலைவராக இருந்த தினகரே பிற்பாடு புத்தகம் எழுதினார். பணம் வாங்கிய புத்திசாலிக்கும் கொடுத்த புத்திசாலிக்கும் இதில் நஷ்டம் இல்லை. மைசூர்ச் சிறையில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த கிழவிக்கு மட்டும் எட்டு வருடம் போச்சு.

கோர்ட் சீன்

தமிழ்ப் படத்துக்குக் கோர்ட் சீன் இல்லாமல் முடியாது. இதோ ஒன்று, பைசாச் செலவில்லாமல்.

அந்த 14 பேரில் நான்கு பேருக்குப் பாலாறு கண்ணிவெடி வழக்கில் ஆயுள் தண்டனை. 1993 ஏப்ரல் 9இல் நடந்த அந்த வெடிப்பில் 22 பேர் செத்தார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் சீருடைக்காரர்கள் இல்லை. வழிகாட்டவும் துப்புச் சொல்லவும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போன ஊர்க்காரர்கள். ஒருபக்கம் துப்புச் சொன்னதாக வீரப்பன் கொல்வான், மறுபக்கம் சொல்லவில்லை என்று படை அடிக்கும், நடுவில் வண்டியில் ஏறியவனைக் கண்ணிவெடி தின்னும். காட்டோரத்துக் குடியானவனுக்கு ஜனநாயகம் கொடுத்த மூன்று வாய்ப்புகள் இவை.

நான்கு பேரும் ஆயுள் தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே யோசித்து, 2004 ஜனவரியில் அதைத் தூக்குத் தண்டனையாக உயர்த்தியது. விடுதலை கேட்டுப் போனவர்கள் கயிற்றோடு திரும்பி வந்தார்கள். கருணை மனு குடியரசுத் தலைவர் மாளிகைக்குப் போனது. போன இடத்தில் ஒன்பது வருடம் தூங்கியது. 2013 பிப்ரவரியில் கண்விழித்து, ‘கருணை இல்லை’ என்றது. 2014 ஜனவரி 21இல் உச்ச நீதிமன்றம், இத்தனை வருடம் மனுவைத் தூங்கவைத்ததே கொடுமை என்று சொல்லித் தூக்கை மீண்டும் ஆயுளாகக் குறைத்தது. நிரபராதி என்ற வாதம் காப்பாற்றவில்லை, கருணையும் காப்பாற்றவில்லை. அந்த நான்கு உயிரைக் காப்பாற்றியது அரசாங்கத்தின் சோம்பேறித்தனம். நம் நாட்டில் ஃபைல் நகராததால் உயிர் பிழைத்த சிலரில் இவர்களும் உண்டு; ஃபைல் நகராததால் செத்தவர்கள் கணக்கை இந்தப் படத்தில் சேர்த்தால் இடைவேளையே விடமுடியாது.

நடிகர் தேர்வு

இங்கேதான் எல்லா இயக்குநரும் வழுக்கி விழுகிறார்கள். மீசையைப் பார்த்ததும் மயங்கிவிடுகிறார்கள்.

1991இல் ‘கேப்டன் பிரபாகரன்’. விஜயகாந்தின் நூறாவது படம். மன்சூர் அலிகான் வைத்த மீசை தமிழ்நாட்டையே மிரட்டியது. பிறகு மக்கள் தொலைக்காட்சியில் ‘சந்தனக்காடு’. பிறகு ‘வனயுத்தம்’. 2016இல் ராம்கோபால் வர்மா மறுபடியும் வந்தார். ‘கில்லிங் வீரப்பன்’ என்று கன்னடத்தில் எடுத்தார். அதில் வேட்டையை நடத்தும் போலீஸ் அதிகாரி யார் தெரியுமா? சிவராஜ்குமார். கடத்தப்பட்டவரின் மகன், அப்பாவைக் கடத்தியவனைத் திரையில் முடித்துவைக்கிறார். டிக்கெட் வாங்கியவர்களுக்குப் பழிக்குப் பழி, குடும்பத்துக்குக் கால்ஷீட்.

சரியாகப் பார்த்தால் இவை எல்லாமே ஒரே படம். ஒரு பக்கம் தொங்கு மீசை, இன்னொரு பக்கம் முறுக்கு மீசை. முதல் பாதியில் தொங்கு மீசை ஜெயிக்கும், கிளைமாக்ஸில் முறுக்கு மீசை ஜெயிக்கும். நடுவில் நூறு பேர் ஓடுவார்கள், விழுவார்கள், கும்பிடுவார்கள். அவர்கள் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட். அவர்களுக்கு வசனம் கிடையாது. ‘ஐயா, எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க’ என்பதைத் தவிர.

இதிலும் ஒரு கூத்து உண்டு. 2004 அக்டோபர் 18 இரவு, கண் வைத்தியத்துக்கு என்று நம்பி ஏறிய ஆம்புலன்ஸிலேயே, பாப்பாரப்பட்டி அருகே வீரப்பனைச் சுட்டு முடித்தார்கள். மறுநாள் பத்திரிகையில் வந்த முகத்தில் அந்தப் பிரசித்தி பெற்ற மீசை இல்லை. கத்தரித்துச் சிறுத்துப் போயிருந்தது. வருடக்கணக்காகத் தேடிய மீசையைச் சுமந்தவனே கழற்றிவைத்துவிட்டான். நம் சினிமாதான் இன்னும் கழற்றவில்லை.

அவனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதீர்கள். வன அதிகாரி ஸ்ரீநிவாஸ் கோபிநத்தத்தில் ஜனங்களோடு ஜனமாக இருந்து, வைத்தியம் பார்க்க வழி செய்து, மாரியம்மனுக்குக் கோயிலும் எழுப்பியவர். சரணடைகிறேன் என்று ஆசைகாட்டி வரவழைத்து 1991 நவம்பரில் அவர் தலையை வெட்டினான். துப்புச் சொன்னான் என்ற சந்தேகத்துக்கே சொந்த ஜாதிக்காரனையும் பக்கத்து ஊர்க்காரனையும் கொன்றான். 2002இல் முன்னாள் அமைச்சர் நாகப்பாவைக் கடத்திப் போனான், பிணமாகத்தான் கிடைத்தார். மாவீரன் என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் கோபிநத்தம் மாரியம்மன் கோயிலில் ஊர் ஜனம் யார் படத்தை வைத்திருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். ஸ்ரீநிவாஸ் படத்தை. அந்த ஜனங்களுக்கு நல்ல அதிகாரி யார், கெட்டவன் யார் என்று யாரும் சினிமா காட்டிப் புரியவைக்கவேண்டியதில்லை.

கலை இயக்கம்

செட் எதுவும் போடவேண்டாம். ஒரு சாதாரணக் கட்டடம் போதும். மாதேஸ்வரன் மலையில் அதிரடிப்படை முகாமை ஒட்டிப் பிடித்துவந்தவர்களை வைத்து ‘வேலை’ பார்த்த இடத்தை ‘ஒர்க்‌ஷாப்’ என்றார்கள். பழுதுபார்க்க அனுப்பிய மனிதர்கள் பழுதாகித் திரும்பிய ஒரே பட்டறை அதுவாகத்தான் இருக்கும். சிலர் திரும்பவே இல்லை. கையால் சுழற்றி மின்சாரம் பாய்ச்சுகிற பெட்டி, உத்தரத்திலிருந்து தொங்கவிடக் கயிறு. ஆர்ட் டைரக்டருக்கு இவ்வளவுதான் பட்டியல். ஒரு பக்கம் மணியடித்து மங்களாரத்தி. மறுபக்கம் இது. இரண்டு சத்தமும் ஒரே மலையில் எழுந்தன. உங்கள் சவுண்ட் என்ஜினீயருக்கு வேலை மிச்சம்.

இதெல்லாம் நான் ஜோடித்தது என்று சொல்வார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் ஓய்வுபெற்ற நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு குழு அமைத்தது. உடன் இருந்தவர் நரசிம்மன், சி.பி.ஐ.யின் முன்னாள் இயக்குநர். நக்சலைட் என்று யாரும் முத்திரை குத்தமுடியாத மனிதர். மலைஜனங்கள் வந்து சொன்னார்கள். பெண்கள், சொல்லக்கூடாது என்று ஊர் வளர்த்துவைத்த வெட்கத்தையெல்லாம் மீறி, அந்நிய ஆண்கள் முன்னால் நின்று சொன்னார்கள். சட்டவிரோதக் காவல், சித்திரவதை, மின்சாரம் எல்லாம் 2003 டிசம்பர் அறிக்கையில் ஏறின. 36 பேரின் சாவு சந்தேகத்துக்குரியது என்று குழு சொன்னது. என்கவுன்டர் என்று எழுதப்பட்ட சாவுகள். மலைப் பழங்குடிகளான சோளகர்கள் பட்டதைப் பாலமுருகன் ‘சோளகர் தொட்டி’ என்று நாவலாகவே எழுதினார். அதைப் படித்துவிட்டுத் தூங்கமுடியாதவர்களைத் தெரியும். தூங்கமுடியாமல் போன ஓர் அதிகாரியைப் பற்றி மட்டும் இன்னும் தகவல் இல்லை.

பட்ஜெட்

சிரிப்புக் காட்சிகளில் இதை இடைவேளைக்கு முன்னால் வையுங்கள்.

வீரப்பன் செத்த கையோடு தமிழ்நாடு அரசு வெகுமதி அறிவித்தது. அதிரடிப்படையின் 752 பேருக்கும் தலா 3 லட்சம் ரூபாய், ஒரு வீட்டுமனை, ஒரு படி பதவி உயர்வு. ரொக்கம் மட்டும் 22 கோடியே 56 லட்சம். ஆம்புலன்ஸ் பக்கம் இருந்தவருக்கும் உண்டு, அன்றைக்கு லீவில் இருந்தவருக்கும் உண்டு. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காட்டில் திரிந்த நேர்மையான காவலருக்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஒர்க்‌ஷாப்பில் பெட்டியைச் சுற்றிய கைகளையும் அந்தப் பட்டியலிலிருந்து யாரும் பொறுக்கி நீக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

இந்தப் பக்கம் வாருங்கள். அறிக்கை வந்து மூன்று வருடம் கழித்து, 2007 ஜனவரியில், பாதிக்கப்பட்ட 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 லட்சம் இடைக்கால நிவாரணம் என்று மனித உரிமை ஆணையம் சொன்னது. வகுத்துப் பாருங்கள். தலைக்குச் சராசரியாக 3 லட்சத்துச் சொச்சம். அடித்தவர் இருந்த படைக்கும் தலைக்கு 3 லட்சம், அடிபட்டவருக்கும் தலைக்கு 3 லட்சம். சமத்துவம் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்! ஒரே வித்தியாசம், அவர்களுக்கு மனையும் பதவி உயர்வும் உடனே கிடைத்தன. இவர்களுக்குப் பதினான்கு வருடக் காத்திருப்பும் நிமிர முடியாத முதுகும். இழப்பீடு கொடுத்தாயிற்றே, தவறு நடந்தது என்றுதானே அர்த்தம், தவறு செய்தவர் யார் என்று கேட்டீர்களானால் நீங்கள் படத்தின் மூடைக் கெடுக்கிறீர்கள். தண்டிக்கப்பட்ட அதிரடிப்படைக்காரர் என்று ஒரு பெயரைக்கூட எவராலும் சொல்லமுடியாது.

முடியவே முடியாதா என்றால், முடியும். பக்கத்திலேயே சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூனில் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று நுழைந்து ஊரைச் சூறையாடி, 18 பெண்களை வன்கொடுமை செய்தார்கள். 269 அரசு ஊழியர்கள்மீது வழக்கு. 2011இல் உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பத்தொன்பது வருடம் விடாமல் கோர்ட் படி ஏறிய அந்தப் பெண்களைப் பற்றி எத்தனை படம் எடுத்தீர்கள்? அவர்களுக்கு மீசை இல்லை, என்ன செய்வது.

தணிக்கை

சென்சாருக்குப் பயப்படாதீர்கள். ஒரே ஒரு அட்டை போட்டால் போதும். ‘இதில் வரும் பாத்திரங்களும் சம்பவங்களும் கற்பனையே.’ வெற்றிமாறனின் ‘விடுதலை’யில் திரையைப் பார்க்கமுடியாத அளவுக்குச் சித்திரவதை வந்தது, ஊர் மட்டும் எந்த வரைபடத்திலும் இல்லாத அருமபுரி. அவரைக் குறை சொல்லவில்லை, அவர் தொட்டதையே மற்றவர்கள் தொடவில்லை. ஆனால் நிலைமையைப் பாருங்கள். சித்திரவதை கற்பனை என்று அரசாங்கம் சொல்கிறது. சித்திரவதை கற்பனை என்று சினிமாவும் அட்டை போடுகிறது. நிஜம் என்று சொல்ல மிஞ்சியது மலையடிவாரத்தில் இருக்கிற நான்கு விரல் மடங்காத ஒரு கை மட்டும்.

இன்னொன்று. உங்கள் காட்சியில் ஒரு மாடு குறுக்கே நடந்தால்கூட விலங்குகள் நல வாரியத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். மாட்டுக்கு நோகவில்லை என்று எழுதிக்கொடுக்கவேண்டும். நல்ல சட்டம், இருக்கட்டும். மனிதனைத் தலைகீழாகத் தொங்கவிட்டபோது யாரிடம் யார் என்ன சான்று வாங்கினார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

லொகேஷன்

மலை இப்போது ரொம்பவும் அழகாக இருக்கிறது. 2023 மார்ச்சில் புலிமேல் உட்கார்ந்த மாதேஸ்வரருக்கு 108 அடியில் சிலை திறந்தார்கள். கோபிநத்தத்தில் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் முகாம் நடத்துகிறது. பெயர் ‘மிஸ்டரி டிரெயில்ஸ்’. மர்மப் பாதை! புருஷன் எந்தப் பாதையில் போய்க் காணாமல் போனான் என்று தெரியாத பெண்கள் இருக்கிற வட்டாரத்தில், மர்மத்தைக் கூடாரத்தோடும் சாப்பாட்டோடும் விற்கிறார்கள். அவர்களுக்கு அந்த மர்மம் இலவசமாகவே கிடைத்தது.

2025 ஜூனில் இந்தக் காட்டில் ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் விஷம் வைத்த மாட்டைத் தின்று செத்தன. நெஞ்சு பதறும் சேதி. அடுத்த சில நாளிலேயே விசாரணை, கைது, அதிகாரி கட்டாய விடுப்பில். சபாஷ். அரசாங்கத்துக்கு வேகம் தெரியாது என்று யார் சொன்னது? ஐந்து புலிக்கு ஐந்தாறு நாள். 36 மனிதர்களின் சாவைச் சந்தேகப்படவே பத்து வருடம். காட்டோரத்தில் பிறக்கிறவனுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது: கோடு போட்ட தோலோடு பிறந்திருக்கவேண்டும்.

யாரைப் பார்த்துச் சிரிப்பது?

இதுதான் படம். மற்றதெல்லாம் லைட் பாய் வேலை.

2002இல் நம் ‘லகான்’ ஆஸ்கார் வாசல்வரை போய் வெறுங்கையோடு திரும்பியது நினைவிருக்கிறதா? ஜெயித்தது ‘நோ மேன்ஸ் லேண்ட்’. போஸ்னியாவின் டானிஸ் டனோவிச் எடுத்தது. இரண்டு படைகளுக்கு நடுவில் ஒரு பதுங்குகுழி. ஒருவன் மல்லாந்து கிடக்கிறான். அவன் முதுகுக்குக் கீழே கண்ணிவெடி, அசைந்தால் வெடிக்கும். ஐ.நா. வருகிறது, டி.வி. வருகிறது, ஜெனரல் வருகிறார். சிரித்துக்கொண்டே இருப்பீர்கள். கடைசியில், காப்பாற்றியாயிற்று என்று சொல்லிவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். அவன் அப்படியே கிடக்கிறான். அந்தப் படம் செத்தவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. போரை நடத்தியவர்களையும் வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் பார்த்துச் சிரித்தது. இலங்கையில் பிரசன்ன விதானகே எடுத்த ‘புரஹந்த களுவர’வில், பார்வையிழந்த கிழவர் மகனின் சவப்பெட்டி என்று ராணுவம் சீல் வைத்துக் கொடுத்ததைத் தோண்டி எடுக்கிறார், உள்ளே மகன் இல்லை. ஒரு பெட்டியைத் திறந்து காட்டியதற்கே அந்த அரசாங்கம் 2000இல் படத்தைத் தடை செய்தது. தடை வந்தால் படம் சரியான இடத்தில் பட்டது என்று பொருள். ‘கில்லிங் வீரப்பன்’ மாதிரிப் படங்களைப் பார்த்து எந்த அரசாங்கத்துக்கு வலித்தது, சொல்லுங்கள்.

இந்த மலைக்கும் அந்தக் கலை புதிதில்லை. கம்சாளைக்காரர்கள் பாடுகிற மாதேஸ்வரர் கதையில் சிரவணன் என்று ஓர் அசுரன். தேவர்களையே பிடித்துச் சிறையில் போட்டு வேலை வாங்குகிறவன். மாதேஸ்வரர் அவன்மேல் படையெடுத்துப் போகவில்லை. ஒரு ஜோடி செருப்பைச் செய்வித்து, ஆசைகாட்டி மாட்டவைத்து, அதிலேயே அவன் கதையை முடித்தார். அந்தக் கதையைக் கேட்டுக் காட்டு ஜனம் தலைமுறை தலைமுறையாகச் சிரிக்கிறது. அதிகாரத்தின் காலடியை எங்கே பற்றவைக்கவேண்டும் என்று அந்தப் பாட்டுக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டில் படித்த நமக்குத் தெரியவில்லை.

ஆகவே தம்பி, இரண்டு மீசைகளையும் மேக்கப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டுங்கள். கேமராவை மேசை உயரத்துக்கு இறக்குங்கள். கையெழுத்துப் போட்ட பேனா, ‘விசாரணையில் தெரியவருவதாவது’ என்று டைப் அடித்த மெஷின், பதக்கம் குத்திய சட்டை, நிவாரணக் காசோலையை நீட்டிப் போட்டோவுக்குச் சிரித்த முகம், இவைதான் உங்கள் நட்சத்திரங்கள். அடிபட்டவனுக்கு வசனம் கொடுங்கள். அவன் ஜோக் அடிப்பான். முப்பது வருடமாக இந்தக் கதையோடு குடித்தனம் நடத்துகிறவன், உங்களைவிட நன்றாகவே அடிப்பான்.

படம் முடிந்ததும் முதல் காட்சியைச் சத்யம் தியேட்டரில் போடாதீர்கள். இந்த மலைப்பக்கத்து மார்ட்டள்ளியிலோ கோபிநத்தத்திலோ திரை கட்டுங்கள். ஓய்வுபெற்ற அதிகாரிகளையும் அமைச்சர்களையும் அழைத்து முன்வரிசையில் மாலை போட்டு உட்காரவையுங்கள். ஒர்க்‌ஷாப்பிலிருந்து மிஞ்சி வந்தவர்கள் அவர்களுக்குப் பின்னால் உட்காரட்டும். நீங்கள் திரையைப் பார்க்காமல் கூட்டத்தைப் பாருங்கள். முன்வரிசை சிரித்தால் அது இன்னொரு வீரப்பன் படம். பிரதியை அங்கேயே கொளுத்திவிட்டு ஊருக்குத் திரும்புங்கள். பின்வரிசை சிரித்து, அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்து என்று புரிந்து முன்வரிசை மாலையைக் கழற்றிக்கொண்டு எழுந்து போனால், அதற்கு மேல் உங்களுக்கு ஆஸ்கார் எதற்கு?